சட்டைப் பையில் மூன்று கற்கண்டு

இன்று காலை எறும்பு வந்துவிட்டது. கட்டிலுக்கடியில் இருக்கும் தகரப் பெட்டியின் மூடி இடுக்கு வழியாக உள்ளே போவதும் வெளியே வருவதுமாக, கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்கள் மாதிரி ஒரே போக்குவரத்து. இந்த வருஷம் பாச்சை உருண்டை போட மறந்திருக்கிறேன். பெட்டியைத் திறந்தேன். மேலாக உன் வெள்ளை அரைக்கைச் சட்டை. ஆஸ்பத்திரியில் கத்தரியால் வெட்டிக் கழற்றி, காகித உறையில் போட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்த அதே சட்டை. அதன் பையில் இருந்த பொட்டலத்தை எட்டு வருஷமாக நான் பிரிக்கவில்லை. எறும்பு பிரித்துவிட்டது.

உள்ளே மூன்று கற்கண்டு. அன்று காலையில் நான் மடித்துத் தந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன.

மடையா. இப்படிக் கூப்பிட்டுத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போகிறேன். செத்தவர்களைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டுமாம். பேசுகிறவர்கள் பேசட்டும். உயிரோடு இருந்தபோதே உன்னை நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னதில்லை. அந்த வாய்க்காகத்தானே என்னைக் கட்டிக்கொண்டாய்.

ஊர் முன்னால் நீ எனக்கு ‘நீங்க’. சாலைக் கம்போளம் என்கிற இந்த மலையாளத்துக் கடைத்தெருவில், உன் இரும்புச் சாமான் கடை வாசலில் தூக்குவாளியோடு நின்று, “சாப்பாடு கொண்டாந்திருக்கேன், எடுத்து வையுங்க” என்று தணிந்து சொல்கிற மனைவி நான். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம். ஞாயிற்றுக்கிழமை மதியம், வாசல் கதவின் தாழ் விழுந்த பிறகு, எல்லாம் திரும்பிவிடும். நான் உன்னை ‘நீ’ என்பேன், நீ என்னை ‘நீங்க’ என்பாய். இது ஞாயிற்றுக்கிழமைக் கடிதம். அதனால் நீ.

நாம் அறிமுகமானது உன் மூத்திரத்தின் வழியாக. இதை நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி லேபில் நான் டெக்னீஷியன். வயது முப்பத்தொன்று. நாகர்கோவிலில் இருந்து வந்து பார்த்த மூன்று மாப்பிள்ளை வீட்டாரும் என் வாயைக் கேட்டு ஓடிப்போயிருந்தார்கள். நீ டானிக் புட்டியைக் கழுவி அதில் கொண்டுவந்திருந்தாய். நீலக் கரைசலில் எட்டுச் சொட்டு விட்டு, டெஸ்ட் ட்யூபை ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, நேராகச் செங்கல் நிறத்துக்குப் போய் நின்றது.

“சிஸ்டர், என்ன வந்திருக்கு?” என்றாய் ஜன்னலுக்கு வெளியே இருந்து.

“நான் சிஸ்டர் இல்ல. ஓய், இத வச்சு நாலு பேருக்குக் காப்பி கலக்கலாம். வீட்டுல கக்கூசுல எறும்பு மொய்க்குமே, பாக்கலியா? கண்ணு அவிஞ்சு போச்சா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். உனக்கு முகம் சிவந்தது. ஆனால் நீ நகரவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தப் பார்வையை நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை. அடுத்த வாரம் டாக்டர் சொல்லாமலேயே ஒரு புட்டியோடு வந்து நின்றாய். அதற்கடுத்த வாரமும். “என்னத்துக்கு வாறீரு?” என்று கேட்டேன். “நீங்க திட்டினா ஒரு வாரத்துக்குப் பத்தியமா இருக்கேன். வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்கேன்” என்றாய். உன் திருநெல்வேலிப் பேச்சில் அதை நீ சொன்ன அழகுக்கு, நான் உன்னை இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். உனக்கு முப்பத்தெட்டு. உன் அண்ணன் ஊரிலிருந்து வரவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிறு, சாப்பிட்டு முடித்த கையோடு, கடையிலிருந்து ஒரு சுருள் வெள்ளை நூல்கயிறு கொண்டுவந்து மேஜையில் வைத்தாய். கொடி கட்டவா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாய். பத்து நிமிஷம் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாய். “சொல்லித் தொலைங்களேன்” என்றேன். சொல்லித் தொலைத்தாய். உன்னைக் கட்டிப்போட வேண்டும். திட்ட வேண்டும். அடிக்கலாம், நீ போதும் என்கிறவரைக்கும். சின்ன வயசிலிருந்தே இப்படித்தான், யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். அப்புறம் உன் முகத்தைப் பார்த்தேன், நிறுத்தினேன். அன்றைக்குச் சிரித்ததற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போதும் கேட்கவில்லை. உனக்கு அது பிடித்திருந்தது என்று பிறகு நீயே சொன்னாய், களவாணி.

ஒரு வாரம் யோசித்தேன். எனக்குள் ஏதோ ஒன்று, கதவைத் தட்டியதும் எழுந்து உட்கார்ந்த மாதிரி விழித்துக்கொண்டது என்பதை மறைக்க மாட்டேன். எனக்கும் வேண்டியிருந்தது. சனிக்கிழமை சாயந்திரம் பதில் சொன்னேன். “சரி. ஆனா நம்ம லேப் மாதிரித்தான் நடக்கும். முதல்ல டெஸ்ட், அப்புறந்தான் மத்ததெல்லாம். உனக்குச் சர்க்கரை இருக்கு. உன்னைய நான் கொல்லுததுன்னா, கேட்டுட்டுத்தான் கொல்லுவேன்.”

எத்தனை ஒழுங்காக நடத்தினோம். நினைத்தால் இப்போதும் கர்வமாக இருக்கிறது. அந்தக் கர்வத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காலையில் நீ போடுகிற இன்சுலின் ஊசி மூன்று மணிக்கு மேல் சர்க்கரையை மளமளவென்று இறக்கத் தொடங்கும். அதனால் சாப்பாடு பன்னிரண்டரைக்கு, கதவு ஒன்றரைக்கு, எந்தக் காரணம் கொண்டும் இரண்டே முக்காலுக்கு மேல் கிடையாது. அதற்கு முன்னால் டெஸ்ட். பச்சை வந்தால் சரி. நீலம் வந்தால், நீ எத்தனை கெஞ்சினாலும், இன்னொரு பிடி சோறு உள்ளே போய் அரை மணி நேரம் கழித்துத்தான். “நீலம் நல்லதுதானே, சர்க்கரை இல்லன்னுதானே அர்த்தம்?” என்று கேட்டாய். “மூத்திரம் பழைய பேப்பர்லே. மூணு மணி நேரத்துக்கு முந்தின சேதி. இப்ப ரத்தத்துல இறங்கிட்டு இருக்கா ஏறிட்டு இருக்கான்னு அதுக்குத் தெரியாது” என்றேன். செங்கல் நிறம் வந்தால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. திட்டு மட்டும் உண்டு. அந்தத் திட்டுக்காக நீ சனிக்கிழமை அல்வா தின்றதை நான் கண்டுபிடித்து, இரண்டு ஞாயிறு உன்னோடு பேசவே இல்லை. அதற்குப் பிறகு நீ அல்வாவைத் தொடவில்லை.

பிறகு உன் பாதம். விரலிடுக்கு, குதிகால், நகக்கண் எல்லாம் பார்ப்பேன். உன் காலில் உணர்ச்சி குறைய ஆரம்பித்திருந்தது, முள் குத்தினால்கூட உனக்குத் தெரியாது. அதனால் கணுக்காலுக்குக் கீழே கயிறும் இல்லை, அடியும் இல்லை. ஊசி போட்ட தொடையைத் தொடுவதில்லை, அங்கே சூடு ஏறினால் மருந்து வேகமாக ஓடும். கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவில் என் இரண்டு விரல் போக வேண்டும். தலைமாட்டில் கத்தரிக்கோல். பக்கத்தில் டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர், தட்டு போட்டு மூடி. பொட்டலத்தில் கற்கண்டு.

“போதும்ங்கதுக்கு என்ன சொல்லுவ?” என்று கேட்டேன். போதும், வேண்டாம், ஐயோ எல்லாம் நீ சும்மாவே கத்துவாய், நம்ப முடியாது. யோசித்து, “கடையடைப்பு” என்றாய். இந்த ஊரில் மாதத்துக்கு ஒன்று நடக்கும், சொன்னால் எல்லாம் அப்படியே நிற்கும், வேறு பொருத்தமான சொல் கிடைக்காது என்றாய். நீ மூன்று தரம் சொல்லியிருக்கிறாய். நான் ஒரு தரம் சொல்லியிருக்கிறேன், உன் முதுகைப் பார்த்து எனக்கே பயம் வந்த அன்று. நாலு தரமும் அந்த நொடியே கயிறு அவிழ்ந்தது.

ஆனால் சர்க்கரை இறங்குகிறவனுக்குச் சொல் வாயில் வராது. வியர்ப்பதையும் நடுங்குவதையும் வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, நீ பயத்திலும் வியர்ப்பாய், சந்தோஷத்திலும் நடுங்குவாய். அதற்காகத்தான் கடைச் சாவிக்கொத்து. அது உன் கைக்குள் இருக்க வேண்டும். விழுந்தால், காரணம் கேட்காமல், எல்லாம் நிற்கும். அதோடு ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் நான் கேட்பேன், “கடைக்குள்ள நுழைஞ்சா இடப்பக்கம் முதல்ல என்ன?” நீ வரிசையாகச் சொல்ல வேண்டும்: ஆணி, திருகாணி, கீல், தாழ்ப்பாள், கொண்டி, பூட்டு. கண்ணைக் கட்டியிருந்தாலும் சொல்வாய். ஒருநாள் ஆணி என்றாய், பூட்டு என்றாய், பிறகு மறுபடியும் பூட்டு என்று சொல்லிவிட்டு அசட்டுத்தனமாகச் சிரித்தாய். சாவி இன்னும் விழவில்லை. நான் கயிற்றை அவிழ்க்கக்கூட நிற்கவில்லை, வெட்டினேன். நிமிர்த்தி உட்காரவைத்து, “முழுங்க முடியுதா?” என்று கேட்டு, எச்சிலை விழுங்கிக் காட்டச் சொல்லி, அப்புறம் டம்ளரை வாயில் வைத்தேன். பத்து நிமிஷத்தில் கண் தெளிந்தது. “நல்ல கயித்தை வெட்டிட்டீங்களே” என்றாய். உன் கன்னத்தில் ஒரு அறை விட்டேன். அது விளையாட்டில் சேர்ந்ததில்லை. அன்று இருவரும் ஒரே தட்டில் கஞ்சி குடித்தோம், நான் அழுதுகொண்டே குடித்தேன்.

இத்தனை பார்த்த நான் எங்கே தவறினேன் என்றுதானே கேட்கிறாய். நீ கேட்க மாட்டாய். உனக்குத் தெரியும்.

முதலில் அந்தக் கற்கண்டு உன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. கட்டியிருந்தால் வாய்க்கு எட்டுகிற இடத்தில். எப்போது வேண்டுமானாலும் கவ்விக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். அது நான் போட்ட முதல் விதி. ஒரு ஞாயிறு, எல்லாம் முடிந்து, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நீ சொன்னாய்: “அந்தக் கல்கண்ட நானா எடுக்கப்பிடாது. நீங்க ‘வாயத் திற’ன்னு சொல்லணும். நீங்க தந்தாத்தான் நான் திங்கணும்.”

கூடாது என்று எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். கயிறு விளையாட்டு, திட்டு விளையாட்டு, சர்க்கரை விளையாட்டு இல்லை. அது மருந்து. அதை ஒரு ஆள் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு ஆளைக் கேட்கவைக்கக் கூடாது. லேபில் வேறு எவளாவது இப்படிச் செய்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். ஆனால் அடுத்த ஞாயிறு, “வாயத் திற” என்றேன். திறந்தாய். கோழிக்குஞ்சு மாதிரி. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. உன் உயிர் என் இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது. அந்த ருசி எனக்குக் கயிற்றில் கிடைத்ததில்லை, அடியில் கிடைத்ததில்லை.

ஞாயிறோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தினமும் காலையில் மூன்று கற்கண்டைக் காகிதத்தில் மடித்து உன் சட்டைப் பையில் வைப்பேன். “என்னையக் கேக்காம தொடாத.” நீ சிரித்துக்கொண்டே தலையாட்டுவாய். கடையில் கை நடுங்கினால் பக்கத்துக் கடை போனிலிருந்து லேபுக்குக் கூப்பிடுவாய். “ஒண்ணு எடுத்துக்கிடட்டா?” நான் ஒரு நொடி விட்டு, “எடு” என்பேன். சில நாள் இரண்டு நொடி. லேபில் எல்லாரும் நம்மைப் பார்த்து ஏங்கினார்கள். “சேச்சிக்கு பாக்யம். சேட்டன் சேச்சியோடு சோதிக்காதெ மிட்டாய் போலும் கழிக்கூலா” என்றாள் அட்டெண்டர் பெண். என்னைக் கேட்காமல் மிட்டாய்கூடத் தின்னமாட்டாயாம், நான் பாக்கியசாலியாம். நானும் இளித்துக்கொண்டு நின்றேன்.

கடைசி ஞாயிறு நீ இன்னொன்று கேட்டாய். “போன்ல இன்னும் கொஞ்சம் காக்க வையுங்களேன்.” வேண்டாம் என்று உன் மண்டையில் ஒரு குட்டு வைத்திருக்க வேண்டும். “பாக்கலாம்” என்றேன்.

புதன்கிழமை. நாகர்கோவிலிலிருந்து கீலும் தாழ்ப்பாளும் பஸ்ஸில் வர வேண்டும், அதை எடுக்கத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாய். காலையில் ஊசி போட்டிருந்தாய், இரண்டு இட்லி தின்றிருந்தாய். மதியச் சாப்பாடு தூக்குவாளியில், கடையில். பஸ் வரவில்லை. இதோ வரும் இதோ வரும் என்று மூன்று மணி வரைக்கும் வெயிலில் நின்றிருக்கிறாய்.

அட்டெண்டர் பெண் வந்து, “சேச்சி, சேட்டன்றெ போன்” என்றாள். என் முன்னால் ஸ்டாண்டில் பத்துப் பன்னிரண்டு ட்யூப். எதற்காகக் கூப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியும். மணியைப் பார்த்தேன். கடையில்தான் இருக்கிறாய், சாப்பிட்டிருப்பாய் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது பொய். கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு. “பத்து மினிட்டு கழிஞ்ஞு விளிக்கான் பற” என்றேன், பத்து நிமிஷம் கழித்து நீ கூப்பிட வேண்டுமாம்.

அவள் போய்ச் சொன்னாள். நீ சரி என்று வைத்துவிட்டாய்.

இருபது நிமிஷம் கழித்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி வந்தாள். மறுபடி நீ கூப்பிட்டாயாம். என்னமோ உளறினாயாம், ஆணி, பூட்டு, பூட்டு என்றாயாம், போன் கை நழுவி விழுந்த சத்தம் கேட்டதாம். “சேட்டன் இன்னு ரெண்டெண்ணம் அடிச்சோ சேச்சி?” நீ குடித்திருக்கிறாய் என்று நினைத்துவிட்டாள்.

என் கையிலிருந்த ட்யூப் கீழே விழுந்து உடைந்தது. அங்கியோடு ஓடினேன். சாலைக் கம்போளத்துக்குத்தான் ஓடினேன், அங்கேதான் இருப்பாய் என்று. கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் தம்பானூர் என்றார். ஆட்டோ பிடித்துப் போனால் அங்கேயும் நீ இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஹோட்டல் வைத்திருந்த மார்த்தாண்டத்துக்காரர் அப்புறம் என்னிடம் எல்லாம் சொன்னார். நான் கேட்டேன், அவர் சொல்லாமல் விட நினைத்ததையும் கேட்டு வாங்கினேன். “போன் செய்யணும்னாரு, குடுத்தேன். பேசிட்டு வந்து பெஞ்சுல இருந்தாரு. வேர்த்துக் கொட்டிச்சு. சட்டைப் பைக்குள்ள கைய விட்டாரு, எடுத்தாரு, திரும்ப விட்டாரு. துட்டு தேடுதாருன்னு நெனச்சேன். ‘எடுத்துக்கிடட்டா, எடுத்துக்கிடட்டா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரும்மா. பக்கத்துல யாரும் இல்ல. மறுபடி போன எடுத்தாரு, கையிலேருந்து விழுந்துட்டு. நாக்கு குழறிச்சு. பிறகு எழும்பி ரோட்டுல தள்ளாடி விழுந்தாரு. பிள்ளைங்க நின்னு சிரிச்சுது. குடின்னுதான் எல்லாரும் சொன்னாவ. போலீஸ்காரரு வந்து லத்தியால காலுல ரெண்டு தட்டுனாரு. எழும்பல. ஜீப்புல தூக்கிப் போட்டுட்டுப் போனாவ.”

கடைசியில் அவர் சொன்னார். “‘எடும்வே’ன்னு நான் சொல்லியிருக்கலாம். எனக்கு என்ன தெரியும், தாயி?”

அவர் சொல்லியிருந்தாலும் நீ எடுத்திருக்க மாட்டாய். நீ கேட்டது அவரை இல்லை.

சர்க்கரை இறங்கும்போது யோசனைதான் முதலில் போகிறது, பழக்கம் கடைசியில் போகிறது. லேபில் இருபது வருஷமாக இருக்கிறவள் சொல்கிறேன். உன் யோசனை போன பிறகும் என் சொல் உனக்குள் இருந்தது. சாவி விழுந்தால் நிறுத்து என்று வைத்தேன், வரிசை தப்பினால் வெட்டு என்று வைத்தேன், எல்லாம் நான் பக்கத்தில் இருந்தால்தான். நான் இல்லாத இடத்துக்கு நான் அனுப்பியது ஒரே ஒரு விதி, தொடாதே. அதைத்தான் நீ ஒழுங்காகக் கடைப்பிடித்தாய். போன் விழுந்தது, உன் சாவிக்கொத்து மாதிரிதான் விழுந்தது. கயிற்றை வெட்ட அங்கே ஆள் இல்லை.

ஸ்டேஷன் தரையில் போட்டிருந்தவர்கள், உனக்கு வலிப்பு வந்து உடம்பு முறுக்கிக்கொண்ட பிறகுதான் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். நான் தெருத்தெருவாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் என் லேபுக்குக் கீழே, இரண்டு மாடி கீழே கிடந்தாய். உன் ரத்தம் என் மேஜைக்குத்தான் வந்திருக்கிறது. நான் உடைத்த கண்ணாடியைக் கூட்டித் தள்ளிவிட்டு வேறொருத்தி டெஸ்ட் செய்திருக்கிறாள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். நேரம் தாண்டிப் போயிருந்தது. நான் திரும்பி வந்தபோது நீ நினைவில்லாமல் கிடந்தாய்.

குனிந்து உன் காதில் சொன்னேன், “வாயத் திற.” திறக்கவில்லை. நாலு நாளும் சொன்னேன். முதல் நாள் மெதுவாக, இரண்டாம் நாள் திட்டி, மூன்றாம் நாள் கெஞ்சி. உன் வாழ்க்கையிலேயே என் பேச்சைக் கேட்காமல் நீ இருந்தது அந்த நாலு நாள்தான். கேட்கக்கூடாத நாளில் கேட்டாய், கேட்க வேண்டிய நாளில் கேட்கவில்லை, இதுவாடா நீ எனக்குக் காட்டின மரியாதை?

உன் அண்ணன் வந்தார். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வராத மனுஷன், இதற்கு வந்தார். உன் மணிக்கட்டில் ஞாயிற்றுக்கிழமைத் தடம் மங்கலாக இருந்ததைப் பார்த்துவிட்டார். டியூட்டி டாக்டர் முன்னால், நர்சுகள் முன்னால் கத்தினார்: “கட்டிப் போட்டு அடிச்சிருக்கா. என் தம்பியக் கொன்னுட்டா, சண்டாளி.”

“ஆமா, கட்டினேன்” என்றேன். “அவரு கேட்டாரு, கட்டினேன். எனக்கும் வேணும்னு இருந்துச்சு, கட்டினேன். அந்தத் தடத்தால அவரு சாகல.” அவர் என் காலடியில் காறித் துப்பினார். எதனால் சாகிறாய் என்று அவர் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. தடம் இருந்த இடத்தை மட்டும்தான் எல்லாரும் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் விடியற்காலையில் நீ போனாய். உடம்பை ஊருக்குக் கொண்டுபோனார்கள். நான் போகவில்லை, அவர்கள் என்னைக் கூப்பிடவும் இல்லை. பரவாயில்லை, எனக்கு அங்கே என்ன வேலை.

கொன்றது நான்தான், அதில் அவர் சொன்னது சரி. எதால் என்பதில்தான் தப்பு. இதை நான் யாரிடமும் அழுது சொல்லவில்லை. சொன்னால் “அய்யோ, நீ என்ன செய்வாய்” என்பார்கள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதையும் விட மாட்டேன். கேட்டது நீ. கேட்டதைக் கொடுத்தது நான். இரண்டு பேரும் சேர்ந்து கூடாத இடத்தில் ஒரு பூட்டைப் போட்டோம், சாவியை நான் வைத்துக்கொண்டேன், தாமதமாகக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். கயிற்றுக்காக நான் வெட்கப்படவில்லை, இன்றைக்கும்.

போன வாரம் லேபுக்கு ஒரு ஜோடி வந்தது. கிழக்கேகோட்டைப் பக்கம், நல்ல உத்தியோகம். அவளுக்குத்தான் சர்க்கரை. ரிசல்ட்டைக் கையில் கொடுத்தபோது அவன் பெருமையாகச் சொன்னான், “இவ என்னைக் கேக்காம ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டா.” அவள் தலை குனிந்து சிரித்தாள். அவர்கள் வீட்டில் கயிறு இருக்காது. அடியும் இருக்காது.

“இங்க பாரு பிள்ள” என்றேன் அவளிடம். “கை நடுங்கினா, வேர்த்தா, கண்ணு இருட்டினா, யாருட்டயும் கேக்காத. புருஷன்ட்ட கேக்காத, மாமியாட்ட கேக்காத, சாமிட்ட கேக்காத. எடு, வாயில போடு. அப்புறம் வேணும்னா கேளு.” அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். “நீரு மிண்டாதயும், வாய மூடும்” என்றேன். என் கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த பொட்டலம் ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். எட்டு வருஷமாக அந்தப் பையில் அது இல்லாத நாள் இல்லை. தம்பானூரில் யாராவது தள்ளாடினால் கிட்டப் போய் வாயை முகர்ந்து பார்ப்பேன். பெரும்பாலும் சாராயம்தான் நாறும், அவன்கள் என்னைக் கெட்ட வார்த்தை சொல்வான்கள், நானும் திருப்பிச் சொல்வேன். இரண்டு தரம் சாராயம் நாறவில்லை. அந்த இரண்டு பேரும் பிழைத்தார்கள். நீ சந்தோஷப்படாதே, அது உனக்காக இல்லை.

வெயில் ஏறிவிட்டது. எறும்பு ஒரு கற்கண்டைப் பாதி தின்றாயிற்று. மண்ணெண்ணெய் தெளிக்கலாம் என்று எழுந்தேன், தெளிக்கவில்லை. சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து, பையை வெளிப்பக்கமாகப் புரட்டி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஹோட்டல்காரர் சொன்ன உன் ‘எடுத்துக்கிடட்டா’தான் காதில் கிடக்கிறது. யாரும் பக்கத்தில் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்து, வேர்த்துக் கொட்ட, கையைப் பைக்குள் விட்டு, எடுத்து, மறுபடி விட்டு, நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய். பத்து நிமிஷம் கழித்துக் கேள் என்று சொன்னேன். எட்டு வருஷம் ஆகிவிட்டது.

எடுலே. எடுத்துத் தின்னு. என்னைக் கேக்காத.